ஸ்டெப்னிக்குக் குறைந்த நாற்பது விநாடி

பதினைந்து வருடம், எட்டு கிளப், பதினோரு ஆட்டம். அவருடைய கால்பந்து வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். மீதி நேரமெல்லாம் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது கோல்கீப்பர் என்ற உத்தியோகமே அப்படித்தான். முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டால்தான் இவருக்கு வேலை. காருக்குப் பின்னால் மாட்டிவைத்த உபரி டயர் மாதிரி என்று முதல் கிளப்பில் எவனோ ஒரு வாயாடி சொல்லப்போக, ஸ்டெப்னி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கிளப் மாறும்போதெல்லாம் சட்டை மாறியது, எண் மாறியது, வீடு மாறியது. பெயர் மட்டும் இவருக்கு முன்பே போய்ச் சேர்ந்து வாசலில் நின்று வரவேற்றது.

உட்காருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணைக் கட்டி எட்டு மைதானத்துப் பெஞ்சுகளிலும் உட்காரவைத்தால், இது எந்த ஊர்ப் பெஞ்சு என்று இடுப்பை ஒருமுறை அசைத்துச் சொல்லிவிடுவார். நான்காவது கிளப்பில் ஒருநாள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பூனை வந்து அவருடைய கையுறைப் பையில் படுத்துக்கொண்டு பிரசவத்துக்கு ஆயத்தமானது. முதல் குட்டி முப்பதாவது நிமிடத்தில். இரண்டாவது இடைவேளையில். மூன்றாவது குட்டி வெளியே வந்த அதே நொடியில் பயிற்சியாளர் திரும்பி, "ஸ்டெப்னி, உடம்பைச் சூடு பண்ணு!" என்றார். "கோச், தாயும் சேயும் நலமானதும் வர்றேன்" என்றாராம் இவர். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தப் பூனையின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த மைதானத்தில்தான் எலி பிடிக்கின்றன.

ஊர் விட்டு ஊர் மாறிய கதை இன்னும் வேடிக்கை. எங்காவது ஒரு கோல்கீப்பரின் முழங்கால் மடங்கினால் இவர் வீட்டில் போன் அடிக்கும். "உடனே வரணும், உங்களை விட்டா ஆளில்லை." இவரும் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறங்குவார். இவர் தலையைக் கண்டதும் அந்த முழங்காலுக்கு ரோஷம் வந்துவிடும். மறுவாரமே அதன் சொந்தக்காரர் குதித்துக்கொண்டு ஓடுவார். "எண்ணெய், கட்டு, ஊசி எதுவும் வேண்டாம். உங்களைக் கூப்பிட்டாலே போதும், குணமாயிடுது" என்று மூன்றாவது கிளப்பின் மருத்துவர் மனதாரச் சொன்னார்.

அந்த மூன்றாவது கிளப் ஊரில்தான் கல்யாணமும் அமைந்தது. பெஞ்சில் படிக்க நூலகத்தில் ஒரு தடிமனான புத்தகம் எடுத்திருந்தார். அதற்குள் கிளப் அவரை இன்னொரு கிளப்புக்கு ஐந்து மாதம் இரவல் கொடுத்துவிட்டது. கால்பந்தில் ஆளையே இரவல் கொடுப்பார்கள். பையோடு புத்தகமும் போய்விட்டது. திரும்பி வந்ததும் பயந்துகொண்டே போய் நீட்டினார்.

நூலகத்தில் தற்காலிக வேலையில் இருந்த பெண் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "இந்தப் புத்தகத்தை எங்கேங்க கொண்டு போனீங்க?"

"நான் எங்கேயும் கொண்டு போகலைங்க. என்னையத்தான் கொண்டு போனாங்க. அதுவும் இரவல், நானும் இரவல்."

"புத்தகத்துக்கு முதுகு பிஞ்சிருக்கு. உங்களுக்கு?"

"உட்கார்ந்தே இருந்ததால எனக்கு ஒண்ணும் ஆகலைங்க."

அவள் சிரித்த சிரிப்பில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை ஆடியது. மறுவருடம் அவள் இவர் மனைவி.

பாவம், அதற்கப்புறம் அவளுக்கு எந்த ஊர் நூலகத்திலும் வேலை நிலைக்கவில்லை. சேருவாள், அலமாரிகளின் ஒழுங்கு கைக்கு வரும், அதற்குள் எங்கோ ஒரு முழங்கால் மடங்கும். வீட்டுச் சாமான்கள் பதினான்கு அட்டைப்பெட்டிகளில் அடங்கும். பதின்மூன்றைப் பிரிப்பாள். பதினான்காவதைப் பிரிக்கவே மாட்டாள். "எதுக்கு? பிரிச்சு அடுக்கி முடிக்கிறதுக்குள்ள மறுபடியும் கட்டணும்." அதில் கல்யாணப் படம், கண்ணாடிக் கிண்ணங்கள், எந்த ஊர் ஜன்னலுக்கும் அளவு சரியாக வராத பூப்போட்ட திரைச்சீலைகள். அவர்களுடைய மகள் பத்து வயதுக்குள் நாலு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். புது வகுப்பில் எழுந்து நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்வதில் அவளுக்கு ஒரு வக்கீலின் தேர்ச்சி வந்திருந்தது.

எட்டாவது ஊருக்கு வந்தபோது இவருக்கு முப்பத்தாறு வயது. இந்த ஊரில் மனைவிக்கு நகர நூலகத்தில், குழந்தைகள் பிரிவில், நிரந்தர வேலை கிடைத்தது. உத்தரவுக் காகிதம் வந்த அன்று அவள் கத்தியை எடுத்து, பதினான்காவது பெட்டியை நடுக்கூடத்தில் வைத்து, ஒட்டுநாடாவை ஒரே இழுப்பில் கிழித்தாள். திரைச்சீலைகளை மாட்டினாள். அரையடி குட்டை. இருந்தாலும் மாட்டினாள்.

"என்னங்க, கேட்டுக்கோங்க" என்றாள். "இனிமே இந்தப் பெட்டியை நான் கட்டமாட்டேன்."

இவர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்? ஒப்பந்தம் இரண்டே வருடம். அதற்கு மேல் இந்த ஊரில் இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது.

எழுதியவர் கிளப்பின் மேலாளர். அவருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'பொடியெழுத்து'. பெரிய எழுத்தில் எழுதினால் காகிதம் வீண் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் யாரும் படித்துவிடக்கூடாது என்பதுதான் அவர் கவலை. ஏழாவது பக்கம் சொன்னது இதுதான்: இரண்டாவது பருவத்தில் இவர் ஐந்து ஆட்டம் ஆடியிருந்தால், ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். ஆட்டம் என்று கணக்கில் வர, கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்த கணத்திலிருந்து நடுவரின் கடைசி விசில் வரை, இடையில் வெளியே போகாமல், குறைந்தது நாற்பத்தைந்து நிமிடம் களத்தில் நின்றிருக்க வேண்டும்.

'கடைசி விசில் வரை' என்ற வார்த்தையில் பொடியெழுத்துக்குத் தனிப் பெருமை. முன்பு ஒரு ஆட்டக்காரன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டு, "நானும் பாதி ஆட்டம் ஆடினேனே" என்று கிளப்போடு மல்லுக்கு நின்றிருக்கிறான். அந்த ஓட்டையை அடைத்த வாக்கியம் இது. கல்யாணப் பத்திரிகை மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

ஐந்து ஆட்டம் சாதாரணமில்லை. ஏனென்றால் இந்தக் கிளப்பின் முதல் கோல்கீப்பர் 'இரும்பன்'. இருபத்து நாலு வயது. தும்மல்கூட வராத உடம்பு. அவன் மேல் மோதிய இரண்டு ஆட்டக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இவன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஆனாலும் அந்தப் பருவத்தில் அதிர்ஷ்டம் கண் திறந்தது. நடுவரோடு வாய்ச்சண்டை போட்டு இரும்பன் இரண்டு ஆட்டம் தடையானான். அவன் மனைவிக்குப் பிரசவம், அதனால் மூன்றாவது ஆட்டம். கடைவாய்ப் பல் ஒன்று முளைத்து முகம் பூசணியாக வீங்கியது, அதனால் நான்காவது. "உடம்பு இரும்புதான் அண்ணே. பல்லு மட்டும் எங்க அம்மா பக்கம்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

ஆக நான்கு ஆட்டம். பருவத்தில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பொடியெழுத்து கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க, உட்காருங்க."

"அதுதானே சார் நம்ம தொழிலே."

மேலாளர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை உங்களுக்குப் பிரியாவிடை. கிளப் பெரிசாப் பண்ணப்போகுது. அம்பதாவது நிமிஷம் தாண்டி உங்களை இறக்கறோம். ரெண்டு டீமும் வரிசையா நின்னு கை தட்டும். பூங்கொத்து, போட்டோ, எல்லாம் உண்டு."

ஸ்டெப்னி தொண்ணூறிலிருந்து ஐம்பதை விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார். "நாப்பத்தஞ்சுலயே, இடைவேளை முடிஞ்சதும் இறக்கினா என்ன சார்?"

"கூட்டம் டீ குடிச்சிட்டு வந்து உட்கார வேண்டாமா? காலி நாற்காலிக்கா பிரியாவிடை?" என்று சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்து வைத்தார். பளபளவென்ற பித்தளை. நடுவில் செதுக்கியிருந்தது: 'இப்பருவத்தில் நான்கு ஆட்டங்கள், நாற்பது நிமிடங்கள். நன்றியுடன்.'

மூன்று நாளைக்கு அப்புறம் ஆடப்போகும் நாற்பது நிமிடம் இப்போதே பித்தளையில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்று, ஒரே மூச்சில் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்தாள். முட்டை பாதி வெந்தபடி நின்றது.

"ஆடாத ஆட்டத்துக்குக் கேடயமா? நல்லா இருக்கே! அந்த ஒப்பந்தத்தை எடுங்க."

நூலகக்காரி. காகிதம் என்று ஒன்று இருந்தால் மருந்துச் சீட்டைக்கூட முழுசாகப் படிப்பவள். பூதக்கண்ணாடியை வைத்து ஏழாவது பக்கத்தை மூன்று தடவை படித்தாள்.

"தொண்ணூறு நிமிஷம்னு இதுல எங்கேயும் இல்லைங்க. 'கடைசி விசில் வரை'ன்னுதான் இருக்கு. வீணான நேரத்தையெல்லாம் நடுவர் கடைசியில சேர்த்துக் கொடுப்பாரே, அதுவும் கணக்குதான்."

"அதெல்லாம் மூணு நிமிஷம், மிஞ்சிப்போனா நாலு. அவர் அதையும் யோசிச்சுத்தான் அம்பதுன்னு சொல்லியிருக்கார். நாப்பதும் நாலும் நாப்பத்திநாலு. விவரமான ஆள்."

"ஒரு நிமிஷத்துக்கா நான் வேலையை விடணும்?"

பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிராமலே கேட்டாள். "அப்பா, அஞ்சாவது ஸ்கூல்ல என் பேரைச் சொல்லணுமா, இல்ல 'ஸ்டெப்னி பொண்ணு'ன்னே சொல்லிடட்டுமா?"

மனைவி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உடைமாற்றும் அறையில் இரும்பன் அவரை மூலைக்கு இழுத்தான். விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். முதல் பாதி முடியறப்போ காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துடறேன். 'ஐயோ அம்மா'ன்னு கத்தறேன். நீங்க இறங்கிடுங்க."

"உனக்குக் கத்த வருமாடா? இதுவரைக்கும் எதுக்காவது கத்தியிருக்கியா?"

"பல்லு முளைச்சப்போ கத்தினேன்."

ஸ்டெப்னி அவன் தோளில் கை போட்டார். "தம்பி, உன்னை வாங்கறதுக்குப் பெரிய கிளப்லேர்ந்து ரெண்டு பேர் வந்து மேல உட்கார்ந்திருக்காங்க. நீ காலைப் பிடிச்சா அவங்க பேனாவை மூடிடுவாங்க. அண்ணிக்கு ஒரு வேலைன்னா, உன் வீட்லயும் கைக்குழந்தை இருக்கு. பேசாம போய் ஆடு."

அவன் ஆடினான். முதல் பாதியில் அவர்கள் அணி ஒரு கோல் போட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். வெற்றி பெற்றால் பட்டியலில் பக்கத்து ஊர்க் கிளப்பைவிட ஒரு இடம் மேலே போகலாம். பக்கத்து ஊரை ஒரு இடம் கீழே தள்ளுவதைவிட இன்பமான காரியம் உலகத்தில் வேறு இருக்கிறதா? கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

மேல்வரிசையில் மனைவி, மடியில் கைக்கடிகாரம். பக்கத்தில் மகள். அவர்களுக்கு இரண்டு வரிசை கீழே, கழுத்துப்பட்டையோடு பொடியெழுத்து. அவர் கையிலும் ஒரு கடிகாரம்.

ஐம்பதாவது நிமிடம். கோட்டருகே மாற்று ஆளின் எண் பலகை தயார். ஸ்டெப்னி கையுறையை இறுக்கிக்கொண்டு நின்றார். ஆனால் பந்து வெளியே போனால்தானே ஆளை மாற்ற முடியும்? பாழாய்ப்போன பந்து உள்ளேயே உருண்டது. பத்து விநாடி. இருபது. "வெளியே போயேன், சனியனே!" என்று மனைவி பல்லைக் கடித்தாள். நாற்பதாவது விநாடியில்தான் பந்துக்கு மனசு இரங்கியது. ஐம்பது நிமிடம் நாற்பது விநாடிக்கு ஸ்டெப்னியின் வலது கால் கோட்டைத் தாண்டியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பொடியெழுத்தே பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த பிரியாவிடை தொடங்கியது. இரண்டு அணியும் வரிசையாக நின்றன. இரும்பன் அவரைத் தூக்கிக் கீழே வைத்தான். பூங்கொத்து கொடுக்க மேலாளரே கீழே இறங்கி ஓடினார். படம் எடுத்தார்கள். படத்தில் பூ தன் முகத்தை மறைத்துவிட்டது என்று மேலாளர் இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதில் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது. அதற்குள் நடுவர் பொறுமையிழந்து தன் கைக்கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

மேலே மனைவி துள்ளி எழுந்தாள். "பார்த்தியாடி? கடிகாரத்தைத் தட்டறார்! வீணான நேரத்தைச் சேர்த்துக்கறார்! இன்னொரு போட்டோ எடுங்க சார், உங்க முகம் சரியாவே விழல!" என்று கத்தினாள். மேலாளர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே பூவைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

ஆட்டம் மறுபடி சூடுபிடித்தது. ஸ்டெப்னி நன்றாகவே ஆடினார். ஒரு பந்தைத் தலைக்கு மேல் தட்டிவிட்டார். ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆனால் மேல்வரிசைக்காரிக்கு அதிலெல்லாம் கண்ணில்லை. யாராவது விழுந்தால், "எழுந்திரிக்காதே கண்ணு, நல்லா வலிக்கட்டும்" என்றாள். யாராவது உடனே எழுந்தால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன அவசரம்!" என்று அலுத்துக்கொண்டாள்.

தொண்ணூறாவது நிமிடம். கோட்டோரம் கூடுதல் நேரப் பலகை மேலே உயர்ந்தது.

ஐந்து!

பிரியாவிடையின் கைங்கரியம். இடத்துக்குத் திரும்பியிருந்த பொடியெழுத்தின் முகம் ரத்தமிழந்து வெளுத்தது. குனிந்து கணக்குப் போட்டார். மேலே மனைவியும் போட்டாள். தொண்ணூற்றைந்தில் ஐம்பது நிமிடம் நாற்பது விநாடி போனால், நாற்பத்து நாலு நிமிடம் இருபது விநாடி.

நாற்பது விநாடி குறைந்தது.

இரண்டு வரிசை கீழே ரத்தம் திரும்பி வந்தது. மேலாளர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மனைவி மெல்ல உட்கார்ந்தாள். பந்து வெளியே போகாத நேரத்தில் நாற்பது விநாடியைத் தொலைத்தாயிற்று. இப்போது அதே நாற்பதுக்காகப் பெட்டி கட்ட வேண்டும்.

தொண்ணூற்று நாலாவது நிமிடம். எதிரணியின் முன்வரிசைக்காரன் ஒருவன் பந்தோடு தனியாகக் கழன்று வந்தான். ஸ்டெப்னிக்கு அந்தக் கணத்தில் ஒப்பந்தமும் நினைவில்லை, ஏழாவது பக்கமும் நினைவில்லை. பந்து வருகிறது, போய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கோலை விட்டு வெளியே பாய்ந்து பந்தின் மேல் விழுந்தார். அவன் ஒரு விரற்கடை முந்திக்கொண்டு பந்தைத் தட்டிவிட்டான். இவர் கையில் அகப்பட்டது அவன் கணுக்கால்.

விசில்! நடுவரின் கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியது.

மைதானம் முழுக்க ஒரே ஓலம். அந்த ஓலத்துக்கு நடுவே ஒரே ஒரு பெண் மட்டும் நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். "பெனால்டி! பெனால்டி! நேரம் முடிஞ்சாலும் பெனால்டி அடிக்காம விசில் ஊதக்கூடாது! சட்டம்! சட்டம்!"

முன்வரிசையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் திரும்பினார். "ஏம்மா, நம்ம டீமுக்கு எதிரா பெனால்டி கொடுத்திருக்கான், நீ ஆடறியே! எந்த ஊர்ம்மா நீ?"

"இந்த ஊர்தாங்க! இனிமேலும் இந்த ஊர்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை; நடுவரின் கை சட்டைப்பைக்குப் போனது. மனைவி நாற்காலி மேலேயே சிலையானாள். சிவப்பு அட்டை என்றால் இப்போதே வெளியே போக வேண்டும். கடைசி விசில் வரை நிற்கவில்லை என்றால் எல்லாம் போச்சு.

இரண்டு வரிசை கீழே கழுத்துப்பட்டை எழுந்து நின்றது. "சிவப்பு!" என்று கத்தினார் கிளப்பின் மேலாளர், தன் சொந்தக் கோல்கீப்பரைப் பார்த்து. "சிவப்பு கொடுங்க! அநியாயம்! சிவப்பு!"

தொப்பிப் பெரியவர் மேலே ஒரு தடவை பார்த்தார், கீழே ஒரு தடவை பார்த்தார். "இன்னைக்கு எல்லாருக்கும் மூளை கலங்கிடுச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தது மஞ்சள். பந்தைப் பிடிக்கத்தான் பாய்ந்தார், ஆளைத் தள்ள இல்லை என்பதை நடுவர் கண்ணால் பார்த்திருந்தார்.

இப்போது பந்து புள்ளியில். எதிரே வந்து நின்றவனைப் பார்த்ததும் ஸ்டெப்னிக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாவது கிளப்பில் கூட ஆடியவன். அவன் பயிற்சிக்கு அடித்த பெனால்டிகளையெல்லாம் பிடித்தது யார்? முதல் கோல்கீப்பரா? அவர் ஓய்வெடுத்துக்கொண்டிருப்பார். ஸ்டெப்னிதான். குறைந்தது முந்நூறு.

"என்ன ஸ்டெப்னி, இன்னும் உருளுதா?" என்றான் அவன்.

"காத்து இருக்குடா. அடி, பார்ப்போம்."

அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, நிதானமாகக் கட்ட ஆரம்பித்தான்.

மேலே கடிகாரத்தின் முள் நகர்ந்தது. தொண்ணூற்றைந்து தாண்டியது. பத்து. இருபது. முடிச்சு சரியாக விழவில்லை போலும், மறுபடி கட்டினான். முப்பது. "கட்டுப்பா, நல்லா கட்டு, ரெட்டை முடிச்சாப் போடு" என்று முணுமுணுத்தாள் மனைவி. முப்பத்தைந்து. நாற்பது.

"ஆச்சு!" என்று மகளைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"என்னம்மா ஆச்சு? இன்னும் அடிக்கவே இல்லையே!"

கீழே கோலில் நின்றவருக்கு அது தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் அந்த ஷூ கயிறு. முந்நூறு பெனால்டியில் அவன் கயிற்றைக் கட்டாமல் வந்தால் வலதுபக்கம். கட்டிவிட்டு வந்தால் இடதுபக்கம், தரையோடு. அவனுக்கே தெரியாத பழக்கம். ஆடுகிறவனுக்குத் தெரியாதது, உட்கார்ந்து பார்ப்பவனுக்குத் தெரியும்.

விசில். அவன் ஓடி வந்தான். அவன் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே ஸ்டெப்னி இடதுபக்கம் பாய்ந்துவிட்டார். தரையோடு சீறி வந்த பந்து அவர் உள்ளங்கையில் அறைந்து, கம்பத்தில் மோதி, வெளியே தெறித்து ஓடியது.

நடுவர் கடைசி விசிலை நீளமாக ஊதினார்.

அந்தச் சத்தத்தில் பக்கத்து ஊர்க் கண்ணாடி ஜன்னல்கள் உடைந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டார்கள், உடைந்திருந்தால் சந்தோஷம். இரும்பன் பெஞ்சிலிருந்து ஓடி வந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். தொப்பிப் பெரியவர் தொப்பியை வீசியெறிந்தார். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. பொடியெழுத்துகூட, பாவம், பந்து வெளியே போன வேகத்தில் தன்னை மறந்து படபடவென்று கை தட்டினார். நான்காவது தட்டில் ஞாபகம் வந்தது. கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

கேடயம் கொடுக்க வேண்டிய நேரம் வேறு வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டாகிவிட்டது, தப்ப முடியாது. மேலாளர் கேடயத்தை எழுத்து தெரியாதபடி மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் மனைவியும் மகளும் களத்துக்கு வந்துவிட்டார்கள். மகள் கேடயத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"நான்கு ஆட்டங்கள், நாற்பது நிமிடங்கள். அப்பா, இதுல தப்பு இருக்கு!"

"ஆமாம் சார்" என்றாள் மனைவி, நூலகத்துக் குரலில். "அஞ்சு ஆட்டம்னு திருத்தணும்."

"கூடுதல் நேரத்தையெல்லாம் கணக்குல எடுக்கறது..." என்று இழுத்தார் மேலாளர்.

"'கடைசி விசில் வரை'ன்னு நீங்கதானே சார் எழுதினீங்க? எவ்வளவு அழகான வாக்கியம்! நான் மூணு தடவை படிச்சேன்."

தன் வாக்கியத்தை ஒருவர் மூன்று தடவை படித்தார் என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெட்கம் கலந்த மகிழ்ச்சி எட்டிப்பார்த்தது. எழுதுகிறவர்கள் அப்படித்தான். திங்கட்கிழமை நடுவரின் அறிக்கை வந்தது: நாற்பத்தைந்து நிமிடம் முப்பது விநாடி. செவ்வாய்க்கிழமை பொடியெழுத்து, ஒரு வருட நீட்டிப்புக் காகிதத்தில், பெரிய எழுத்தில், கையெழுத்துப் போட்டார்.

இரும்பன் பெரிய கிளப்புக்குப் போனான். அவன் இடத்துக்கு இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் வாங்கப்பட்டு வந்தான். அவனுக்கும் தும்மல்கூட வரவில்லை. புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஸ்டெப்னி பெஞ்சில் போய் உட்கார்ந்து, இடுப்பை ஒருமுறை அசைத்துப் பார்த்து, அதே பெஞ்சு என்று திருப்தியானார். கேடயம் திருத்தப்படாமலே வீட்டுக்கு வந்து, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. நல்ல கனம். மனைவி பதினான்கு அட்டைப்பெட்டிகளையும் மிதித்துத் தட்டையாக்கி, பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட்டு, கடைக்குப் போய் ஜன்னலுக்கு அளவான திரைத்துணி வாங்கிவந்தாள்.